இறக்கி வைக்காத கல்

காட்டுக்கு நடுவே, ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், பனிமடு என்று ஒரு பள்ளம். காலையில் அங்கே இறங்குகிற பனி உச்சிவேளை வரைக்கும் எழுந்து போகாது. அப்படி ஒரு சோம்பேறிப் பனி! மரங்களுக்கு அடி தெரியாது, நடக்கிறவர்களுக்குக் கால் தெரியாது. மான்கள் கழுத்தளவு வெள்ளையில் மிதந்து போகும். பக்கத்தில் நின்று பேசினாலும் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும்.

அந்தப் பள்ளத்தில் கருவாயி என்கிற கரடி ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினாள். நம் ஊரில் ஜிம் என்கிறோமே, அதேதான். மாதம் பிறந்தால் ஆளுக்கு ஒரு கூடை பழம் கட்டணம். கட்டிவிட்டால் பனி கலைந்து கூடம் சாத்துகிற உச்சிவேளை வரைக்கும் எந்த மிருகமும் வரலாம், போகலாம். தொங்கிப் பழக ஆலம் விழுது இருந்தது. ஓடிப் பழக மணல் மேடு இருந்தது. உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள, அசையாத தண்ணீரோடு ஒரு சுனை இருந்தது. அதுதான் அங்கே கண்ணாடி.

ஆனால் எல்லோரும் தேடி வந்தது தண்டுக்காகத்தான். நீளமான, தடித்த மூங்கில் தண்டு. இரண்டு கவைக்கால்களின் மேல் கிடக்கும். அதன் இரண்டு முனையிலும் கொடியால் பின்னிய உறி ஒவ்வொன்று தொங்கும். உறியில் கல்லைப் போட்டுக்கொண்டு, தண்டுக்கு அடியில் போய் நின்று, முதுகைக் கொடுத்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். காலுக்கு அதைப்போலப் பலம் தருவது வேறொன்றும் இல்லை. அவ்வளவு பெரிய மூங்கில் அந்தக் காட்டில் அது ஒன்றுதான் கிடைத்தது. அதனால் தண்டும் ஒன்றுதான்.

புதிதாக யார் வந்தாலும் கருவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாள்.

"இங்க பாரு! கல்லை ஏத்தும்போதும் சரி, இறக்கும்போதும் சரி, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒரே பக்கமா எடுத்தா தண்டு கவுந்துடும். முடிச்சதும் எல்லாக் கல்லையும் இறக்கிக் குவியல்ல சேர்த்துடணும். உட்கார்ற பாறையில தேக்கிலை விரிச்சு உட்காரு. உன் வேர்வை உனக்கு, அடுத்தவனுக்கு எதுக்கு?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் அப்படியே நடந்தும்கொள்வார்கள்.

கார்மேகம் மட்டும் நடந்துகொள்ள மாட்டான்.

கார்மேகம் ஒரு காட்டெருமை. வயசுப் பையன். உடம்பென்றால் உடம்பு! திமில் ஒரு சின்னக் குன்று. மழை தொடங்கியதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டுப் புல்வெளியில் எருமைக் கூட்டத்துக்குப் புதுத் தலைவன் யார் என்று முட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் இந்த உடம்பை வளர்த்தான். விடிந்ததும் வந்து தண்டைப் பிடித்தால் பனி கலையும்போதுதான் விடுவான். நடு நடுவே சுனைக்குப் போய் நிழலைப் பார்ப்பான். கழுத்தை இப்படித் திருப்புவான், அப்படித் திருப்புவான். தண்ணீருக்குள் கூட்டமே தன் பின்னால் வருவதுபோல அவனுக்குத் தெரியும். அப்படியே கண் சொருகி நின்றுவிடுவான். தண்டு பாட்டுக்குச் சும்மா கிடக்கும். யாராவது அதைத் தொடப் போனால் மட்டும் உடனே முழிப்பு வந்துவிடும்.

"ஏய்! நான் இன்னும் முடிக்கல!"

அந்தக் குரலுக்கு மேல் யார் பேசுவது? முயல் போய்விடும். கீரி போய்விடும். கருவாயியாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவள் வாயிலும் பலாச்சுளை! கார்மேகம் மாதக் கட்டணத்தோடு பெரிய பெரிய பலாப்பழமாகக் கொண்டுவந்து போடுவான். அதை உரித்துத் தின்றுகொண்டு, "பெரிய வாடிக்கை, விட்டுப் பிடிப்போம்" என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் செவந்தி வந்து சேர்ந்தாள்.

செவந்தி ஒரு கடமான். கோடையில் பாறை இடுக்கில் பின்னங்கால் சிக்கி முறிந்துபோனது. எலும்பு கூடிவிட்டது, பலம்தான் கூடவில்லை. அவளுக்கு இருந்த பயம் சின்னப் பயம் இல்லை. முதல் மழை விழுந்ததும் மான்கள், எருமைகள் எல்லாம் ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். அதற்குப் பிறகு வெள்ளம் ஏறிவிடும். மழைக்காலம் முடிகிறவரை யாரும் வர முடியாது, போக முடியாது. இந்தக் கரையில் மிஞ்சுவது செந்நாய்க் கூட்டம்தான்.

"ஆத்துல யாரும் யாரையும் தூக்கிக்கிட்டுப் போக முடியாது செவந்தி. உன் கால்தான் உன்னைக் கொண்டுபோகணும்" என்று அவளுடைய அக்கா கண்கலங்கச் சொல்லியிருந்தாள்.

அதனால் கூடை நிறைய நெல்லிக்காயைக் கட்டணமாகக் கட்டிவிட்டு, தண்டுக்காகத் தினமும் விடியற்காலையிலேயே வந்து நின்றாள்.

நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். பனிக்குள் ஓரமாக நின்றுகொண்டே இருப்பாள். கார்மேகம் எழுவான், உட்காருவான். 'ஹ்ஹா!' என்று ஒரு சத்தம். கல்லைத் 'தொம்' என்று போடுவான். பிறகு சுனைக்குப் போவான்.

"அண்ணே, நீங்க இளைப்பாறுற நேரத்துல நான் கொஞ்சம் செஞ்சுக்கட்டுமா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"இதோ ஆச்சும்மா, இன்னும் கொஞ்சம்தான்!" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தக் கொஞ்சம் உச்சிவேளைக்குத்தான் முடிந்தது. அடுத்த நாளும் அதே கொஞ்சம். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நின்றுகொண்டே இருக்கும்போது கண் மூடும். பனி காதுக்குள் வந்து ஏதோ சொல்லும். தான் ஆற்றில் நடந்து போவதுபோல இருக்கும். தண்ணீர் முட்டிக்கு வரும், வயிற்றுக்கு வரும், கால் வலிக்கவே வலிக்காது. அந்தக் கரை தானாக அவளிடம் வரும். புல்லின் வாசனைகூட வரும். எவ்வளவு அழகான கனவு! 'தொம்!' என்று கல் விழும். திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பாள். இந்தக் கரையில்தான் நிற்பாள்.

ஒரே பனிக்குள் ஆளுக்கொரு கனவு. ஆனால் ஒருவன் கனவு காணக் காண, இன்னொருத்தியின் நாள் போய்க்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

மேலே ஆலமரக் கிளையில் சொக்கி என்கிற மந்தி உட்கார்ந்திருப்பாள். அவளும் கட்டணம் கட்டியவள்தான். ஆனால் பயிற்சி செய்து யாரும் பார்த்ததில்லை. வாய்க்குத்தான் பயிற்சி!

"செவந்தி, இடுப்பை இறக்கு! முதுகை வளைக்காதே! உங்க அக்காகூட இப்படித்தான் கூன் போட்டு நடப்பா!" என்பாள், யாரும் கேட்காமலே.

"எனக்குத் தண்டே கிடைக்கல சொக்கி, இடுப்பை எங்க இறக்கறது?"

"அதையும் அவன்கிட்டச் சொல்லேன்!"

"நீதான் சொல்லேன்."

"எனக்கென்ன வந்தது? நான் மரத்துல இருக்கேன்" என்று சொக்கி வாலைச் சுருட்டிக்கொள்வாள்.

கடைசியில் ஒரு நாள் காலையில் மேற்கே இடி உருண்டது. காற்றில் மண் வாசனை. செவந்தி மேற்கே திரும்பிப் பார்த்தாள். மழை வந்துகொண்டிருக்கிறது! அன்று பனியும் வழக்கத்தைவிட அதிகம். தன் மூக்கு நுனியே அவளுக்குத் தெரியவில்லை. கார்மேகம் அன்றைக்குத்தான் மலைபோலக் கல்லை ஏற்றித் தூக்கியிருந்தான். தூக்கி முடித்து, பெருமூச்சு விட்டு, தண்டைக் கவையில் சாய்த்துவிட்டுச் சுனையைப் பார்க்க நடந்தான்.

"அண்ணே! முடிச்சிட்டீங்களா?" என்று செவந்தி ஓடிவந்து கேட்டாள்.

"முடிச்சாச்சு, முடிச்சாச்சு. நீ செஞ்சுக்கோ!"

"கல்லை இறக்கிட்டுப் போங்கண்ணே. இவ்வளவு பாரம் எனக்கு ஆகாது."

"நாளைக்கு வந்து நான் மறுபடியும் ஏத்தணும்ல? அது அப்படியே இருக்கட்டும். உனக்கு வேணும்னா இறக்கிக்கோ, அப்புறம் ஏத்தி வெச்சுடு!" என்று சொல்லிக்கொண்டே அவன் பனிக்குள் மறைந்துபோனான்.

கேட்டீர்களா நியாயத்தை? இவன் ஏற்றிய கல்லை அவள் இறக்க வேண்டுமாம், இவனுக்காக மறுபடி ஏற்றியும் வைக்க வேண்டுமாம்! என் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

கருவாயி அந்த நேரம் தேன் எடுக்கப் போயிருந்தாள். செவந்தி உறியின் வாய்க்கு மூக்கைக் கொடுத்துக் கல்லைத் தள்ளத் தொடங்கினாள். ஒரு கல் உருண்டு வெளியே வந்தது. அந்தப் பக்கம் போய் ஒன்று எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தண்டின் அடுத்த முனை பனிக்குள் எங்கேயோ இருந்தது. நொண்டிக்கொண்டு அங்கே போய், திரும்பி இங்கே வந்து, மறுபடியும் அங்கே போய்... அதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். இந்தப் பக்கம் நாலைந்து கல்லைத் தள்ளிவிட்டு ஒரேயடியாக அந்தப் பக்கம் போகலாம், அதற்குள் தண்டு கவிழ்ந்தா விடும் என்று நினைத்தாள். அவசரம் வேறு. இன்னொரு கல்லைத் தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள்.

தண்டு விசுக்கென்று எழுந்தது.

அந்த முனை தரையில் போய் மோதியது. இந்த முனை வானத்துக்குப் போய், கவையை விட்டு எகிறி, புரண்டு வந்து செவந்தியின் பின்னங்காலில் விழுந்தது. அதே பின்னங்கால்!

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பனியே கொஞ்சம் விலகியது.

சுனையிலிருந்து கார்மேகம் கத்தினான். "யார் அது? என் தண்டை யார் தள்ளிவிட்டது?"

தேன் கூட்டைப் போட்டுவிட்டுக் கருவாயி ஓடிவந்தாள். தண்டின் முனையைத் தூக்கி நகர்த்தினாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டினாள். பிறகு அந்தப் பக்கத்து உறியைப் போய்ப் பார்த்தாள். ஒரு கல்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

"உன் தண்டா? உன் தண்டாடா?" என்று கார்மேகத்தின் முகத்துக்கு நேரே உறுமினாள். "இதை நீயா வெட்டினே? உங்க அப்பனா நட்டான்?"

கார்மேகம் அப்போதுதான் செவந்தியைப் பார்த்தான். நிஜமாகவே அப்போதுதான். இத்தனை நாளும் அவள் அவனுக்குப் பனிக்குள்ளிருந்து வருகிற ஒரு குரல். இப்போது காலில் கட்டோடு தரையில் கிடந்தாள்.

"நான் வேணும்னு செய்யலையேக்கா!"

"வேணும்னு செய்யலைதான். யாரு வர்றா, யாரு நிக்கிறான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா? நானும் ஒழுங்கில்ல. நீ கொண்டுவர்ற பலாப்பழத்தைத் தின்னுட்டுச் சும்மா இருந்தேன். என்னைச் சொல்லணும்!" என்று கருவாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேலேயிருந்து சொக்கி, "எனக்கு அப்பவே தெரியும்! அந்தப் பக்கம் கல்லு இருக்கிறதை நான் பார்த்தேன்" என்றாள்.

"பார்த்தவ சொல்ல வேண்டியதுதானே?" என்று கருவாயி நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாத நேரமெல்லாம் புத்தி சொன்ன மந்தி வாலைச் சுருட்டிக்கொண்டு இலைக்குள் போய்விட்டாள்.

"எலும்பு முறியல. ஆனா ஊன்ற முடியாது. மழைக்குள்ள ஆறாது" என்றாள் கருவாயி மெதுவாக.

கார்மேகம் ஓர் அடி முன்னால் வந்தான். "செவந்தி, நான் பத்து கூடை பழம் தர்றேன். இருபது கூடை தர்றேன்!"

"எனக்குப் பழம் வேண்டாம்ணே" என்றாள் செவந்தி. "ஆத்தைத் தாண்டக் கால்தான் வேணும்."

கார்மேகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மழை விழுந்தது.

ஆறு வெளுத்துப்போய்க் கிடந்தது. மழை எது, பனி எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த வெண்மைக்குள் மிருகங்கள் வரிசை வரிசையாக இறங்கின. தலைகள் மட்டும் மிதந்து போயின. செவந்தியின் அக்கா கரையில் நின்று அவளை நக்கிக் கொடுத்தாள். பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பாதி ஆற்றில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை, பாவம். குட்டி இருக்கிறதே!

செவந்தி மூன்று காலில் கரையிலேயே நின்றாள். மழைக்காலத்தில் தான் அடைந்து கிடக்கும் குகைக்கு வரச்சொல்லிக் கருவாயி கூப்பிட்டிருந்தாள். ஆனால் மேட்டுக் குகைக்கு ஏறவும் கால் வேண்டுமே. அவளுக்குப் பின்னால், புதருக்குள், மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம் அது. காட்டில் அதைத் தெரியாதவர் இல்லை.

கார்மேகம் தன் கூட்டத்தோடு தண்ணீரில் இருந்தான். வயிறு நனைந்துவிட்டது. எதிர்க் கரை மங்கலாகத் தெரிந்தது, அதற்கு மேலே புல்வெளி தெரிந்தது. அவன் உடம்பை வளர்த்த நாள் அங்கே காத்துக்கொண்டிருந்தது. சீழ்க்கை அவன் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்த்தான்.

பார்த்தவன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு திரும்பினான்.

"கார்மேகம்! எங்கடா போறே?" என்று அவன் அம்மா அலறினாள். "இன்னிக்கு வரலைன்னா உனக்குத் தலைமை இல்லடா! வெள்ளம் ஏறுதுடா!"

"தெரியும்மா! நீ போ! பத்திரமாப் போ!"

கரையேறி வந்து செவந்திக்குப் பக்கத்தில் நின்றான். மேலெல்லாம் தண்ணீர் வழிந்தது. மூச்சு வாங்கியது.

"எதுக்கு வந்தீங்க? போங்க! இப்போகூடத் தாண்டிடலாம்" என்றாள் அவள்.

"நான் போட்டுட்டு வந்த கல்லு, நான்தானே இறக்கணும்" என்றான் அவன்.

புதர் விலகியது. செந்நாய்கள் ஒவ்வொன்றாக மழைக்குள் வந்து நின்றன. அவற்றில் மூத்தது பல்லைக் காட்டிச் சிரித்தது.

"என்ன எருமையண்ணே, உங்க ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கம் போறாங்க. வழி தவறிட்டீங்களோ?"

"என் வழி சரியாத்தான் இருக்கு" என்றான் கார்மேகம். தலையைத் தாழ்த்தினான். தினமும் பாரம் தூக்கிய அந்தத் தோள் இரண்டும் மழையில் கறுத்து விறைத்து நின்றன. "நீங்கதான் திரும்பிப் போகணும்."

செந்நாய்கள் அவனைப் பார்த்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றி வரப் பார்த்தது. அவன் ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தான், அவ்வளவுதான். மண் அதிர்ந்தது. வந்த வழியே புதருக்குள் போய்விட்டன. நாளைக்கும் வரும், மறுநாளும் வரும். மழைக்காலம் முழுவதும் அவன் அங்கேதான் நிற்க வேண்டும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

வெகு நேரம் கழித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மழைக்கும் மேலே, புல்வெளியிலிருந்து ஒரு முழக்கம் கேட்டது. எருமைக் கூட்டம் புதுத் தலைவனைக் கொண்டாடுகிற முழக்கம். வேறு யாரோ ஜெயித்துவிட்டான். கார்மேகம் காதை விறைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான். அவனுக்கு அழுகை வந்தது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

"வருத்தமா இருக்காண்ணே?" என்று கேட்டாள் செவந்தி.

"ஆமா. ரொம்ப."

"எனக்கும்தான்" என்றாள் அவள், அக்கா போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டே. "நானும் இந்நேரம் அங்கதான் இருந்திருக்கணும்."

அவன் மழை தன் மேல் விழட்டும் என்று ஓர் அடி நகர்ந்து, அவளுக்குக் காற்றுப் படாமல் நின்றான்.

நாலு பேர் புழங்குகிற இடத்தில் நாம் இறக்கி வைக்காத பாரம், நமக்குப் பின்னால் வருகிறவர் காலில்தான் விழும்.